மஞ்சள் ஒட்டிய ஒரு ரூபாய்

போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு மெஷின் வந்தது. மிக்ஸி இல்லை, கிரைண்டர் இல்லை. அந்த அதிர்ஷ்டமெல்லாம் எனக்கு ஏது? சில்லறை பிரிக்கிற மெஷின்!

மெஷின் என்று சொல்வதே அதிகம். ஒன்றன் மேல் ஒன்றாக நாலைந்து தகரத் தட்டுகள். தட்டு முழுக்க வட்ட வட்டமாக ஓட்டை. மேல் தட்டில் பெரிய ஓட்டை, கீழே போகப்போகச் சின்னது. சில்லறையை மேலே கொட்டிக் குலுக்கினால் பெரிய காசு மேலேயே தங்கிவிடும், சின்னக் காசு அதனதன் தட்டுக்கு இறங்கிவிடும். கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர்களின் பொறுமை மட்டும் வேண்டும். அப்படி ஒரு சத்தம்.

வாங்கி வந்தவர் என் வீட்டுக்காரர். பாரிமுனை நடைபாதையில் பேரம் பேசி வாங்கினாராம். ஆபீஸில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவர். ஸ்க்ரூவையும் நட்டையும் சைஸ்வாரியாகப் பிரித்து, டப்பாவில் போட்டு, பெயர் எழுதி ஒட்டினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். அந்தப் பழக்கம் வீட்டுக்கு வராமல் இருந்தது, இப்போது வந்துவிட்டது.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. தாம்பரத்தில் சில்லறைக்கு இருக்கிற பஞ்சம் உங்களுக்குத் தெரியாததா? பஸ்ஸில் ஏறிப் பத்து ரூபாயை நீட்டினால் கண்டக்டர் ஏதோ அவர் சொத்தைக் கேட்டதுபோல முறைக்கிறார். மளிகைக் கடையில் மீதிக்குப் பதில் மிட்டாய். மெடிக்கல் ஷாப்பில் தலைவலி மாத்திரை — தலைவலி வருவதற்கு முன்பே! அதனால் எங்கள் காலனியில் எல்லாரும் சில்லறையைப் பதுக்குகிறோம். எங்கள் வீட்டில் பிஸ்கட் டின், கடுகு டப்பா, டிவியின் தலை... எங்கே கை வைத்தாலும் காசு.

மெஷின் வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நான் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வண்டலூர் ஜூவுக்குப் போயிருந்தேன். சுஜி எங்கள் ஒரே பெண். வயசு ஐந்து. புலியைப் பார்த்துவிட்டு, காலில் புழுதியோடு சாயங்காலம் திரும்பினால் வீட்டுக்காரர் முகமெல்லாம் சிரிப்பு. வீட்டிலிருந்த அத்தனை சில்லறையும் பிரித்தாகிவிட்டது. பைசாக்கள் டப்பாவில். ரூபாய்க் காசுகளை மட்டும் தெருமுனை அண்ணாச்சி கடையில் கொடுத்து நோட்டாக மாற்றி வந்துவிட்டார்.

"ஒரு காசு விடல, தெரியுமா? ஒவ்வொண்ணையும் திருப்பிப் பார்த்துத்தான் போட்டேன்" என்றார்.

சரி, பொழுது போயிற்று என்று நினைத்துக்கொண்டு விளக்கேற்றப் போனேன்.

சாமி அலமாரியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருக்கும். இருந்தது. ஆனால் நான் போட்டது ஒற்றை முடிச்சு. இதுவோ பார்சல் கட்டுகிறவர்கள் போடுகிற மாதிரி இழுத்து இறுக்கிய இரட்டை முடிச்சு.

சுஜிக்கு இரண்டு வயசில் கடுமையான ஜுரம் வந்து, வலிப்பு வந்தது. கண் மேலே செருகி, கை கால் இழுத்து... எங்களுக்குக் கைகால் ஓடவில்லை. கீழே குடியிருக்கும் வீட்டு ஓனர் அக்காதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். டாக்டர் பிழைக்க வைத்தார். "ஆறு வயசு வரைக்கும் ஜுரம் வந்தா கவனமா இருங்க. இது திரும்பவும் வரலாம்" என்றும் சொல்லி அனுப்பினார்.

அக்கா இந்த ஊர்க்காரர். எங்கள் காலனி முழுக்க ஒரு காலத்தில் அவர் மாமனார் வீட்டு நிலம். வீட்டுக்கு வந்ததும் ஒரு வெள்ளைத் துணியை மஞ்சள் தண்ணீரில் முக்கி என் கையில் கொடுத்தார்.

"ஒத்த ரூவா வெச்சி முடிம்மா. எங்க ஏரிக்கரை அம்மனுக்கு. ஆறு வயசு தாண்டட்டும், புள்ளைய கூட்டிக்கினு போயி அங்கதான் அவுக்கணும். அதுவரிக்கும் கைய வெக்காத."

வைக்கவில்லை. மூன்று வருஷமாக ஜுரம் வந்தாலும் வலிப்பு வரவில்லை. டாக்டர் மருந்து தந்தார், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு ஜுரத்திலும் நான் போய் நின்றது அந்த முடிச்சின் முன்னால்.

"இதை அவிழ்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா. உள்ள ஒரு ரூபாய் இருந்தது. அதையும் சேர்த்துப் பிரிச்சேன். அப்புறம் மறக்காம ஒரு ரூபாய் வெச்சுக் கட்டிட்டேனே!"

"அதே காசா?"

"ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய். இதுல என்ன அதே காசு, வேற காசு?"

இந்த மனிதரிடம் என்ன சொல்வது? ஸ்டோர்ஸில் ஒரு பல்புக்குப் பதில் இன்னொரு பல்பு வைத்தால் கணக்கு சரியாகிவிடும். குழந்தைக்குப் பதில் இன்னொரு குழந்தையைத் தொட்டிலில் போட்டால் சரியாகிவிடுமா? கத்திவிட்டேன். சுஜி அழ ஆரம்பித்துவிட்டாள்.

செருப்பைக்கூட மாட்டாமல் அண்ணாச்சி கடைக்கு ஓடினேன்.

"சார் கொடுத்த காசாக்கா? பாதி போயிட்டே! பால்காரன் வந்து அள்ளிட்டுப் போனான். மீதி கல்லாவுல கெடக்கு. அதுல என்ன விசேஷம்?"

"ஒண்ணுல மஞ்சள் ஒட்டியிருக்கும்" என்றேன்.

அண்ணாச்சி கல்லாப்பெட்டியை முழுசாக வெளியே இழுத்து என் முன்னால் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு பருப்பு நிறுக்கப் போய்விட்டார். தேடினேன். இல்லை.

திரும்பி வரும்போது அக்கா வாசலில் நின்றிருந்தார். இவர் முடிச்சை அவிழ்த்துவிட்டார் என்று சொன்னதுதான் தாமதம், அக்காவின் முகம் வெளிறிவிட்டது.

"புள்ளைக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலக்கா. உள்ளே விளையாடறா. இவர் தெரியாம..."

"அம்மன்கிட்ட போயி அவுத்தா அது வேற. வூட்டுலயே அவுக்கறது..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்தினார். "வுடும்மா. அந்தப் பேச்சு நமக்கு எதுக்கு?"

செவ்வாய்க்கிழமை நான் ஆபீஸிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் கண்டக்டர் மீதி கொடுத்தார். அதில் ஒரு ரூபாய்க் காசு. 'ஒன்று' என்ற எண்ணைச் சுற்றிலும் பள்ளத்தில் மஞ்சள்! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வந்துவிட்டது, நம் காசு நம்மிடமே வந்துவிட்டது... வீட்டுக்கு வந்து குளித்து, அதை வைத்து முடிந்தேன். அன்றைக்குத்தான் தூங்கினேன்.

மறுநாள் காலை ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டரில் இன்னொரு ரூபாய் வந்தது. அதிலும் மஞ்சள்.

வியாழக்கிழமை பூக்காரம்மா கொடுத்தாள். அதிலும். மாவு விற்கிறவரிடமிருந்து ஒன்று. அந்த வாரம் முழுக்க என் கைக்கு மஞ்சள் காசு வந்துகொண்டே இருந்தது. எல்லாம் தேய்ந்தவை. எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே மஞ்சள். எது எங்களுடையது?

"பூக்காரம்மா கையில மஞ்சள் குங்குமம் எல்லாம் இருக்கும். அது ஒட்டியிருக்கும். தாம்பரத்துல எந்தக் காசுலதான் மஞ்சள் இல்ல?" என்றார் வீட்டுக்காரர்.

"அன்னிக்கு வீட்ல இருந்த காசெல்லாம் திருப்பிப் பார்த்தீங்களே... நம்ம முடிச்சுல இருந்ததைத் தவிர வேற ஒண்ணுலயாவது மஞ்சள் பார்த்தீங்களா?"

யோசித்தார். பிறகு பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். அதை அவர் தலைகீழாகப் பிடித்திருந்ததை நான் சொல்லவில்லை.

அதற்கப்புறம் அந்த மெஷினைக் குலுக்கியது யார் என்கிறீர்கள்? சாட்சாத் நான்தான். ஆபீஸில், ரயிலில், காலனியில் யாரைப் பார்த்தாலும் நோட்டைக் கொடுத்துச் சில்லறை வாங்கினேன். ஊரே சில்லறை கேட்டு அலையும்போது கேட்டால் சும்மா தருவார்களா? கெஞ்சி வாங்கினேன். சாயங்காலம் வந்ததும் தட்டில் கொட்டிக் குலுக்குவேன். மேல் தட்டில் தங்குகிற ரூபாய்க் காசுகளை வெள்ளைத் துணியில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே முடிவு கட்டியிருப்பார்கள். மஞ்சள் காசுகளை மட்டும், செவ்வாயன்று முடிச்சில் வைத்ததையும் எடுத்துச் சேர்த்து, ஒரு எவர்சில்வர் தட்டில் போட்டுத் தனியாக வைத்தேன்.

அடுத்த வாரம் சனிக்கிழமை மழை. அரை நாள் ஆபீஸ் முடிந்து வந்தால் சுஜிக்கு உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது. வீட்டுக்காரர் குடைகூட எடுக்காமல் டாக்டரைக் கூப்பிட ஓடினார். நான் நெற்றிக்குத் துணி நனைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வருகிறேன்... சுஜி பாயில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். அந்தத் தட்டை எப்படியோ பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, ஒரு விரலால் காசுகளைத் தள்ளிக்கொண்டிருக்கிறாள்.

"இது நல்லாயிடுச்சு. இதுவும் நல்லாயிடுச்சு..."

"எதுடா கண்ணா நல்லாயிடுச்சு?"

காசுகளை ஒரு பக்கமாகச் சேர்த்துக்கொண்டே வந்தாள். ஒரே ஒரு காசின் மேல் மட்டும் விரல் நின்றது. அதைத் தூர நகர்த்தி வைத்தாள்.

"இது நல்லாவே ஆகலம்மா. அதான் வீட்லயே அவுத்துட்டாங்க."

கையிலிருந்த ஈரத்துணி தரையில் விழுந்தது. அக்கா வாசலில் பாதியில் விழுங்கிய பேச்சு என்னவென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பிழைத்த பிள்ளைகளின் காசு அம்மன் உண்டியலில் விழுந்து, அங்கிருந்து ஊருக்குத் திரும்பி வரும். வேண்டிக்கொண்ட பிள்ளை போய்விட்டால் முடிச்சு எதற்கு? அவிழ்த்து, அந்த ரூபாயைப் பாலுக்கோ பஸ்ஸுக்கோ கொடுத்துவிட வேண்டியதுதானே? அது கை மாறி, கை மாறி...

"இதுல உன்னோடது எது?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன்? கேட்டிருக்கக் கூடாது.

சுஜி எல்லாக் காசையும் நிதானமாக ஒருமுறை பார்த்தாள்.

"என்னோடது இங்க இல்லம்மா" என்றாள். அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள்.

அன்று நான் பட்ட பயத்தை எந்தத் தாயும் பட வேண்டாம். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். விரல் லேசாக அசைந்தாலும் என் உயிர் போய் வந்தது. டாக்டர் நனைந்துகொண்டே வந்து ஊசி போட்டார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு நெற்றி வியர்த்தது. ஜுரம் இறங்கியது. வலிப்பு வரவில்லை. சுஜி எழுந்து உட்கார்ந்து ரசம் சாதம் கேட்டாள். காசைப் பற்றிக் கேட்டால், "எந்தக் காசு?" என்கிறாள்!

அக்காதான் குழந்தையிடம் எதையாவது சொல்லிவிட்டாரோ? கீழே போய்க் கேட்டேன்.

"அய்யய்யோ, புள்ளைகிட்ட போயி இதெல்லாம் சொல்வனா? எங்க அம்மன் மேல சத்தியம்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா, நான், வீட்டுக்காரர் மூன்று பேரும் அந்த மஞ்சள் காசுகளோடு ஏரிக்கரைக்குப் போனோம். இவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் சட்டையைக் கழற்றிவிட்டு எனக்கு முன்னால் போய் நின்றார். காசுகளை உண்டியலில் போட்டோம். சுஜி தூர நகர்த்திய அந்த ஒன்றை மட்டும் அக்கா கையில் வாங்கி, "யார் பெத்த புள்ளையோ..." என்று அழுதுவிட்டுத்தான் போட்டார்.

"எங்க காசு கிடைக்கலையேக்கா. வேற ரூபாய் முடிஞ்சா அம்மன் ஏத்துக்க மாட்டாளா?" என்று கேட்டேன்.

"அம்மன் வாங்கிக்குவாம்மா, அவளுக்கு இன்னா. ஆனா அந்தக் காசு எங்கியோ சுத்திகினு கீதே... வூட்டுலயே அவுத்தாங்களே, புள்ள போயிட்ச்சின்னு தானே அது நெனச்சிகினு இருக்கும்? அதுங்கிட்ட யாரு போயி சொல்றது?"

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. சுஜிக்கு ஆறு வயசு ஆக இன்னும் சில மாதம் இருக்கிறது. ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய் என்ற மனிதர், இப்போது டிக்கெட் கவுண்டரில் மீதியை உள்ளங்கையில் பரப்பி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறார். பின்னால் நிற்கிறவர்கள் திட்டுகிறார்கள். நகர மாட்டேன் என்கிறார்.

இதைப் படிக்கிற நீங்களும் கொஞ்சம் உங்கள் பர்ஸைத் திறந்து பாருங்களேன். மஞ்சள் ஒட்டிய ஒரு ரூபாய் இருந்தால், எனக்கு அனுப்ப வேண்டாம். கையில் எடுத்து, மெதுவாக ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், போதும்: "சுஜி நன்றாக இருக்கிறாள்."