பேதிங் காஸ்ட்யூம்

அல்லிநகரம் வீட்டுப் பால்கனியில், தெருவைப் பார்த்த கம்பியில் மகள் தன் ஈர ஸ்விம்சூட்டை விரித்துவிட்டுத் திரும்பினாள். என் கை தானாக அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்தியது.

“ஏம்மா மூடுற? எப்படிக் காயும்?”

எங்கள் காலத்தில் அதற்குப் பேர் பேதிங் காஸ்ட்யூம். என் பள்ளி நீச்சல் போட்டிக்காக அத்தை மதுரையில் வாங்கி வந்தாள், சிவப்பு நிறத்தில். அத்தை அந்தப் பேரை முழுசாகச் சொல்வாள். அம்மா ‘அது’ என்பாள். துவைத்தால் தன் சேலைக்கு அடியில்தான் காயப்போடுவாள்.

போட்டிக்கு முந்தின நாள் ஆடிக்காற்று சேலையைத் தூக்கியது. காஸ்ட்யூம் பறந்துபோய் பக்கத்துத் திராட்சைப் பந்தலில் விழுந்தது. தோட்டக்காரர் அதைக் குச்சியில் தொங்கவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“ஆத்தா, இது யாரு வீட்டுத் துணி?”

“எங்களுது இல்லண்ணே,” என்றாள் அம்மா.

அவர் என்னைப் பார்த்தார். நானும் இல்லையென்று தலையாட்டினேன். மறுநாள் போட்டிக்குப் போகவில்லை. அதன்பிறகு நீந்தவே இல்லை.

துண்டை எடுத்துவிட்டேன். காற்றில் பறக்காதபடி மூன்று கிளிப் மாட்டினேன். தெருவில் போகிற யாராவது நிமிர்ந்து பார்த்து, இது யாருடையது என்று கேட்க மாட்டார்களா என்று பால்கனியிலேயே நிற்கிறேன்.