மூன்றாவது வரிசை

என் கணவர் ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்தவர். எல்லையில் குண்டடி பட்டவர்களுக்கு முதலில் கைவைப்பது இவரைப் போன்றவர்கள்தான்; டாக்டர் அப்புறம்தான். அடிபட்டவர்கள் நிறைய, பார்க்க ஆள் குறைவு என்றால் மூன்று வரிசையாகப் பிரிப்பார்களாம். காத்திருக்கக் கூடியவர், உடனே பார்த்தால் பிழைப்பவர், பார்த்தும் பிரயோசனம் இல்லாதவர். மூன்றாவது வரிசைக்கு வலி தெரியாமலிருக்க ஊசி போட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபின் இதையெல்லாம் சோறு பிசைந்துகொண்டே சொல்வார். பந்தியிலும் இப்படித்தான் பரிமாறுவீர்களோ என்று நான் கேலி செய்வேன்.

மாரியூரில் சாமி கும்பிட்டுத் திரும்பும்போது எங்கள் வேன் கருவேலங்காட்டுக்குள் உருண்டது. அவருக்குச் சிராய்ப்புதான். நான் ஆஸ்பத்திரியில்தான் கண் விழித்தேன். என் தம்பி அந்தக் காட்டிலேயே உயிரை விட்டிருந்தான்.

நடந்ததைத் தம்பி பெண்டாட்டிதான் சொன்னாள். கால் ஒடிந்து கிடந்தாலும் அவளுக்கு நினைவு தப்பவில்லை. என் கணவர் தம்பியின் கையைப் பிடித்துப் பார்த்தாராம், இமையைத் தூக்கிப் பார்த்தாராம், எழுந்து அடுத்த ஆளிடம் போய்விட்டாராம்.

"மூச்சு இருந்துச்சு மதினி. நெஞ்சு ஏறி எறங்குனத நான் பாத்தேன்."

நான் பார்க்காத அந்த நெஞ்சுதான் இன்றும் கண்ணை மூடினால் தெரிகிறது.

அன்று அவர் இரண்டு உயிரைக் காப்பாற்றினார் என்று ஊர் மெச்சியது. அவள் மட்டும் அவர் முகத்தில் விழிக்கவில்லை. விசேஷ வீட்டில் அவர் தலை தெரிந்தால் எழுந்து போனாள். எனக்கும் வயிறு எரியாமல் இல்லை. ஆனாலும் அவளிடம் உட்கார்ந்து உட்கார்ந்து பேசினேன். எத்தனையோ சாவைப் பார்த்த கை அது, தப்பாது, உன் புருஷனை யாராலும் பிழைக்க வைத்திருக்க முடியாது என்று. சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். போன பொங்கலுக்கு அவள் அவரிடம் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். அன்றைக்குத்தான் சோறு நிம்மதியாக இறங்கியது.

சென்ற மாதம் எனக்குக் காய்ச்சல். பக்கத்தில் உட்கார்ந்து நாடி பார்த்தார். அந்த விரல்கள் மணிக்கட்டில் பட்டாலே எனக்குத் தம்பியின் கைதான் நினைவுக்கு வரும். அதை மறைக்க, என்னை எந்த வரிசையில் வைத்திருக்கிறீர்கள் என்று விளையாட்டாகக் கேட்டேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். கையை விடாமலே சொன்னார்.

"அன்னைக்கு உன்னையத்தான் மொதல்ல பாத்தேன். ஒந்தம்பியப் பாக்குறதுக்கு முன்னாடி. நீ பொழைக்க மாட்டேன்னு நெனச்சுத்தான் எந்திரிச்சுப் போனேன்."

ஆம்புலன்ஸில் வந்தவர்கள்தான் நான் முனகுவதைக் கேட்டுத் தூக்கினார்களாம். அப்படியென்றால் என் தம்பி? நான் கேட்காமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. தம்பி பெண்டாட்டி, கையில் கஞ்சித் தூக்குவாளியோடு வந்தாள். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"பயப்படும்படியா ஒண்ணுமில்லையே அண்ணே? நீங்க சொன்னாச் சரியா இருக்கும்."