அசையாதே அக்காவும் பன்னிரண்டாவது வளையமும்

எறும்பு காலையில் எத்தனை வாய் தின்றது என்று அதன் வயிற்றைக் கிழிக்காமலே சொல்லக்கூடியவள், வீட்டைப் பூட்டும் முன் கட்டிலுக்கடியில் குனிந்து தேடிக்கொண்டிருக்கிறாள். எறும்பு விஷயம் சற்று ஊதிச் சொன்னதுதான். தின்றதா இல்லையா என்பது வரைதான் அவளுக்குத் தெரியும். எத்தனை வாய் என்பது அந்த எறும்புக்கே தெரியாது. கட்டில் விஷயம் மட்டும் அட்சரம் பிசகாத உண்மை. கதவுக்குப் பின்னால் ஒரு பார்வை, குளியலறையில் ஒரு பார்வை, வாசலுக்கு வந்ததும் சுவரில் இரண்டு தட்டு. அப்புறம்தான் சாவி.

"நீயும் நானும் வெளிய நிக்கிறோம். உள்ள யாரு இருக்கப் போறா?" என்பார் கணவர், இரண்டு கையிலும் பையோடு.

"பாக்காம எப்படித் தெரியும்?"

இது வேலையிடத்தில் ஒட்டிக்கொண்ட வியாதி. விளையாட்டு மைதானம் ஒன்றைச் சுற்றிக் கூரை போட்டாற்போன்ற வட்டக் கட்டடம் அது. சுவருக்கு அப்பால் எலக்ட்ரான்கள் மூச்சு வாங்காமல் சுற்றி ஓடும். வளைவுகளில் திரும்பும்போது அவை சிந்துகிற எக்ஸ்ரே ஒளியைப் பிடித்து, பொருள்களின் உட்புறத்தைப் படம் எடுப்பது இவள் வேலை. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே இதன் முன்னால் வெறும் மெழுகுவத்தி. ஒளியைத் திறக்கும் முன், ஈயச் சுவர் போட்ட சிறு அறைக்குள் ஒருவர் போய் மூலை முடுக்கெல்லாம் பார்த்து, யாரும் இல்லை என்று சுவரிலுள்ள இரண்டு பொத்தான்களை அழுத்திவிட்டு வெளியே வந்து பூட்ட வேண்டும். இருபது வருஷம் இதைச் செய்த கைக்கு வீடும் ஈய அறைதான்.

அங்கே அவளுக்கு 'அசையாதே அக்கா' என்று பெயர். படம் எடுக்கும்போது பொருள் மயிரிழையில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலும் எல்லாம் கலங்கிப்போகும். அதனால் கல்லோ விதையோ செத்த வண்டோ, எதை ஒட்டிவைத்தாலும் "அசையாதே, சொல்லிட்டேன்" என்று ஒரு மிரட்டு மிரட்டிவிட்டுத்தான் வருவாள். ஒட்டுவதற்கு நகப்பூச்சு. மேஜை இழுப்பறையில் ஏழு புட்டி இருக்கிறது. ஒரு நகத்திலாவது பூசிப் பார்த்ததில்லை. பொருளைச் சுற்றவிட்டு ஆயிரக்கணக்கில் படம் எடுத்துச் சேர்ப்பதுதான் முறை என்பதால், வீட்டு விசேஷத்தில் கைபேசியை நீட்டினாலும் பழக்கம் விடாது.

"அத்தை, அப்படியே மெதுவா ஒரு சுத்து சுத்துங்க."

"நான் என்ன பம்பரமா?" என்பார் மாமியார். "மூஞ்சியை எடு, போதும். முதுகை யாரு பாக்கப் போறா."

கட்டடத்தை நடந்து சுற்ற இருபது நிமிஷம் ஆகும். ஆகவே எல்லாரும் உள்ளேயே சைக்கிளில் போவார்கள். அவள் சைக்கிளில் மணி விழுந்து பல வருஷம் ஆயிற்று. திருப்பங்களில் "கிணிங் கிணிங்" என்று வாயாலேயே அடித்துக்கொண்டு போவாள். முனைவர் பட்டம் வாங்கிய வாய்.

சென்ற மாதம் மீன்காரி வந்தாள். மீன் விற்பவள் அல்ல, மீனை ஆராய்கிறவள்; இவளைவிட இரண்டு வயது இளையவள். மீனின் காதுக்குள் பட்டாணியில் பாதி அளவில் ஒரு கல் இருக்கும். மரத்தைப்போல அதிலும் வருஷத்துக்கு ஒரு வளையம் ஏறும், எண்ணினால் வயது. பதினொரு வயதுக்கு மேல் வாழாது என்று புத்தகங்கள் சாதிக்கிற ஒரு மீனின் பின்னால் மூன்று வருஷம் அலைந்து, இரண்டு பெரிய மீன்களின் கற்களைப் பஞ்சில் பொதிந்து கொண்டுவந்திருந்தாள். ஒரு கல்லுக்கு மூன்று மணி நேரம். கிடைத்ததோ காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை. இரண்டு மணிக்கு இயந்திரத்தை அணைத்தால், பராமரிப்பு முடிந்து ஒளி வர நாலு மாதம்.

கல்லைக் கடந்துவரும் ஒளி விழுகிற கண்ணாடித் தகட்டில் தூசி தெரிந்தது. அசையாதே அக்கா துடைத்தாள். துடைத்தால் மறுபடி 'வெறும் படம்' எடுக்க வேண்டும். கல் இல்லாமல் ஒளியை மட்டும் எடுத்துவைத்தால்தான் தகட்டின் அழுக்கைப் பிற்பாடு கழிக்கலாம்.

"இன்னொரு தடவை எடுத்துடலாம்," என்றாள்.

"அக்கா, அதான் வந்ததும் எடுத்தோமே. கால் மணி நேரம் போயிடும். கல்லை வெச்சிடலாம், ப்ளீஸ்."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மீன்காரியின் முகத்தைப் பார்த்தாள். முகம் ஜெயித்தது.

பத்தரை மணிக்குப் படம் சேர்ந்து வந்தது. மீன்காரி திரையில் விரல் வைத்து எண்ணினாள். பன்னிரண்டு. மறு நிமிஷம் அவளுடைய துறைத் தலைவருக்குத் தகவல் போயிற்று. கல்லைச் சுற்றும் மோட்டார்களைக் கவனிக்கிற மோட்டார் அண்ணன் வழக்கம்போலத் தகட்டைக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்துவிட்டு, இரண்டாவது கல்லுக்கு நகப்பூச்சுப் புட்டியைத் திறந்தார்.

"அண்ணே, மூடுங்க அதை," என்றாள் அசையாதே அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஏம்மா?"

"மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கே, பாருங்க."

"அழகாத்தானே இருக்கு."

"அதான் பயமா இருக்கு. மத்ததெல்லாம் கோணல்மாணலா இருக்கு. எந்த மீனும் இவ்வளவு ரவுண்டா போடாது. இது மெஷின் போட்டது."

துடைத்த துணியின் நூலிழை ஒன்று தகட்டில் ஒட்டியிருந்தால் போதும். கல் சுற்றச் சுற்ற, படத்தின் நடுவில் அச்சடித்தாற்போல ஒரு வட்டம் விழுந்துவிடும். இழை இருந்ததா என்று இனித் தகட்டைக் கேட்க முடியாது, ஊதியாயிற்று. அதே கல்லைச் சற்றுத் தள்ளிவைத்து முழுசாக இன்னொரு முறை எடுக்க வேண்டும்; நிஜ வளையமென்றால் கல்லோடு கூடவே நகரும். மங்கல் வளையம், அவசரப் படத்தில் பிடிபடாது.

"அப்போ ரெண்டாவது கல்லு?" என்றாள் மீன்காரி.

"நாலு மாசம் கழிச்சு."

"சார்கிட்ட சொல்லிட்டேன் அக்கா."

"சொன்னது நிஜமான்னு பாத்துடுவோம்."

மீன்காரி திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மோட்டார் அண்ணன்தான் அவளைத் தேற்றப் பார்த்தார்: "வயசைக் குறைச்சுச் சொன்னாலாவது மீன் மன்னிச்சிடும். கூட்டிச் சொன்னா சும்மா விடுமா?" யாரும் சிரிக்கவில்லை. ஆனால் மீன்காரி முதல் கல்லை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

இந்த முறை வெறும் படம் எடுத்தார்கள். அசையாதே அக்கா ஈய அறையைச் சுற்றிப் பார்த்துப் பூட்டினாள். கல்லை மிரட்ட மறந்துபோனாள். மூன்று மணி நேரமும் ஒரே பிஸ்கட்டைக் கையில் வைத்திருந்தாள், பாதிகூடக் குறையவில்லை.

இரண்டடிக்கச் சில நிமிஷம் இருக்கையில் படம் வந்தது. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே துடைத்த பலகைபோல் வெறுமை. மீன்காரி மூன்று முறை எண்ணினாள்.

"பதினொண்ணு," என்றாள்.

மணி இரண்டு. ஒளி இருக்கும்வரை ஈய அறைக் கதவின்மேல் எரிகிற விளக்கு அணைந்தது. மீன்காரி கைபேசியை எடுத்தாள். எண்ணை அழுத்தாமல் வைத்துக்கொண்டு நின்றாள்.

"குடு இப்படி," என்று அசையாதே அக்கா வாங்கிக்கொண்டாள். துறைத் தலைவரை அழைத்து, ஸ்பீக்கரைப் போட்டு மேஜைமேல் வைத்தாள். பன்னிரண்டு இல்லை, பதினொன்றுதான் என்று சொன்னாள்.

"எல்லாருக்கும் சொல்லிட்டேனேம்மா," என்றார் துறைத் தலைவர். "எப்படி ஆச்சு?"

"தப்பு என்னோடது சார். தகட்டைத் துடைச்சிட்டு வெறும் படம் எடுக்க மறந்துட்டேன். இவங்க மேல ஒண்ணும் இல்ல."

மீன்காரி, பஞ்சிலிருந்த இரண்டாவது கல்லை மேஜையில் வைத்துவிட்டுக் கைபேசிக்குக் கிட்டே குனிந்தாள்.

"அவங்க மறக்கல சார். எடுக்கலாம்னுதான் சொன்னாங்க. நான்தான் வேணாம்னேன்."