காற்று சாதகமாக இருந்தது

நான் வேலை பார்த்த தொழிற்சாலைக்கு நூறு வயது ஆனபோது, அதன் வரலாற்றை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. திருவொற்றியூரில் இருந்த அந்த ஆலையின் டைம் ஆபீசில் நான் கிளார்க். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்று பார்ப்பதுதான் என் வேலை. ஆனால் அஞ்சல் வழியில் வரலாறு எம்.ஏ. முடித்திருந்தேன். அந்தப் பட்டம் அதுவரை என் கல்யாணப் பத்திரிகைக்கு மட்டும்தான் பயன்பட்டிருந்தது.

மேலாளர் கூப்பிட்டு விழா மலருக்கு இரண்டு பக்கம் எழுதச் சொன்னார். இந்த வட்டாரத்துக்கு முதன்முதலில் ஆலைகள் ஏன் வந்தன, வந்ததால் என்ன ஆயிற்று என்பதுதான் விஷயம். “காரணங்கள், விளைவுகள். பரீட்சையில எழுதுவோமே, அந்த மாதிரி,” என்றார். கூடவே ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவரின் பேட்டியும் வேண்டும். மேலாளர் நல்ல மனிதர். யாரையும் உட்காரவைத்துத்தான் பேசுவார். தினமும் வேளச்சேரியிலிருந்து காரில் வருவார், பேசின் பிரிட்ஜ் தாண்டி வடசென்னைக்குள் வந்ததும் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார் என்று டிரைவர் சொல்லியிருக்கிறார்.

காரணங்களைத் தேடிப் பழைய கோப்பு அறைக்குப் போனேன். பாதிக் கட்டுகளைக் கரையான் தின்றிருந்தது. மீதியில், ஆலையைத் தொடங்கிய வெள்ளைக்காரர் லண்டனில் இருந்த முதலாளிகளுக்கு எழுதிய கடிதத்தின் நகல் ஒன்று கிடைத்தது. இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று அவர் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தார். துறைமுகம் பக்கத்தில் இருக்கிறது. ராயபுரத்தில் ரயில் இருக்கிறது. சரக்குப் படகு வரக் கால்வாய் இருக்கிறது. நிலம் மலிவு. மழை பொய்த்த ஊர்களிலிருந்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருக்கிறார்கள், கொடுத்ததை வாங்கிக்கொள்வார்கள். கடைசியாக ஒன்று: வருடத்தில் பெரும்பாலான நாட்கள் காற்று தெற்கிலிருந்து அடிப்பதால், துரைமார் குடியிருக்கும் பக்கம் புகை போகாது. வடக்கே மீனவர் குடிசைகள் சில உண்டு, அவர்களால் தொந்தரவு வராது.

நான் குடியிருப்பது எர்ணாவூரில், ஆலைக்கு வடக்கே. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, ஈரத்துணியைப் போடுமுன் கொடியைத் துடைக்க வேண்டும், காய்ந்த துணியை உதறி எடுக்க வேண்டும். இது என் மாமியார் வீட்டுப் பழக்கம் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். லண்டனில் ஒரு மேசையில் முடிவான விஷயம் என்று அன்றுதான் தெரிந்தது. எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, சந்தோஷம். படித்த படிப்புக்கு ஒரு கடிதமாவது கையில் கிடைத்ததே என்று. கோபம் மறுநாள் காலையில் துணி காயப்போடும்போதுதான் வந்தது.

பேட்டிக்காகச் சடையங்குப்பத்தில் இருந்த ஒரு பெரியவரைப் பார்க்கப் போனேன். எங்கள் ஆலையின் பாய்லரில் முப்பது வருடத்துக்கு மேல் நின்றவர். அந்த இரைச்சலில் காது இரண்டும் போய்விட்டது. நான் கேட்பதை அவர் மனைவி அவர் காதருகே குனிந்து கத்துவார். அவரும் கத்தியே பதில் சொல்வார். வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு வெள்ளம் நின்ற கறை தெரிந்தது. கேட்டதற்கு, மழைக்காலத்தில் வரும், நாலு நாள் இருக்கும், போய்விடும் என்றார் அந்தம்மா. உறவுக்காரர்களைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது.

பெரியவரின் தாத்தா செங்கல்பட்டுக்கு அப்பால் ஒரு ஊரிலிருந்து பஞ்சத்தில் நடந்தே வந்தவராம். கடிதத்தில் இருந்த கூட்டத்தில் ஒருவர். ஊரை விட்டு வந்ததில் தாத்தாவுக்கு வருத்தம் இருந்ததா என்று கேட்டேன். எம்.ஏ. புத்தகங்களில் அப்படித்தான் போட்டிருக்கும். பெரியவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“இன்னா வருத்தம்? ஊர்ல செருப்பு போட்டுக்கினு தெருவுல நடக்க வுட மாட்டானுங்க. இங்க சங்கு ஊதுனா அல்லாருக்கும் ஒரே கேட்டு. இன்னா சாதின்னு கேக்கலியாம். கைய காட்டுன்னுதான் கேட்டானாம்.”

கேட் என்னவோ ஒன்றுதான். உள்ளே போனபின் யார் பாய்லருக்கு, யார் ஆபீசுக்கு என்பது மட்டும் யாரும் கேட்காமலே முடிவாகியிருக்கிறது. தாத்தா, அப்பா, இவர் என்று மூன்று தலைமுறையும் நெருப்புப் பக்கமே நின்றிருக்கிறார்கள். அதை நான் சொல்லி அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆலை உங்களுக்கு என்னதான் செய்தது என்று கேட்டேன்.

“வூடு குட்த்துச்சு. ரெண்டு பொண்ணுக்கும் கண்ணாலம் பண்ணி வெச்சுது. காத எட்துக்கிச்சு. அதுக்கு இது சரியா பூட்ச்சு.”

அந்தம்மா இந்த முறை அவர் பக்கம் குனியவில்லை. என்னிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னார்: “அவுருக்கு சரியா பூட்ச்சு. எனக்குத்தான் பேச ஆளு இல்லாம பூட்ச்சு.”

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் எழுதினேன். இரண்டு பக்கம் நாலு பக்கமாயிற்று. மேலாளர் பொறுமையாகப் படித்தார். பிறகு பேனாவை எடுத்தார். பஞ்சத்தில் வந்த ஜனங்கள் ‘மனிதவளம் தாராளமாகக் கிடைத்தது’ ஆனார்கள். புகை போகும் திசையை ‘காற்று சாதகமாக இருந்தது’ என்று மாற்றினார். பெரியவர் காதையும் செருப்பையும் இழந்து, ‘ஆலையையே தன் குடும்பமாக நினைத்தவர்’ என்ற ஒற்றை வரியில் நின்றார். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, விளைவுகள் கம்மியாக இருக்கிறதே என்று மேலாளர் குறைப்பட்டார்.

“நீங்கதான் சார் அடிச்சீங்க,” என்றேன்.

பேனாவை மூடி வைத்தார். “நல்ல விளைவா ரெண்டு போடுங்க மேடம்.”

போடுவதாகச் சொன்னேன். வேலைக்குப் போகிறவள் நான். போட்டும் கொடுத்தேன்.

விழாவில் பெரியவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சிறப்பு விருந்தினர் அவர் காதோரம் என்னவோ நீளமாகச் சொன்னார், அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மலர் வழவழவென்ற தாளில் வந்தது. வரலாறு அரைப் பக்கம். மரக்கன்று நடும் படங்கள் மூன்றரைப் பக்கம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலரை எடுத்துக்கொண்டு சடையங்குப்பம் போனேன். பெரியவருக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும், என்னையே படித்துக் காட்டச் சொன்னார். அச்சில் இருந்ததை அவர் முகத்துக்கு நேரே படிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. மலருக்குள் என் கையெழுத்துப் பிரதியை மடித்து வைத்திருந்தேன். அதைப் பிரித்து, அவர் காதருகே உட்கார்ந்து, தொண்டை கிழியப் படித்தேன். முதல் பக்கம் முடிவதற்குள் அக்கம்பக்கத்தார் வாசலில் கூடிவிட்டார்கள். என் வரலாறு வெளியானது என்றால் அந்தத் தெருவில் வெளியானதுதான்.

அந்தம்மா தணிந்த குரலில் சொன்ன வரி வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் கீழே குனிந்து சேலை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார். அதைக் கத்திப் படிக்க மனம் வரவில்லை, தாண்டிவிட்டேன். மேலாளர் பேனாவால் செய்ததை நான் வாயால் செய்தேன், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுப் பெண் இடையில் ஒன்று கேட்டாள். “அப்போ வடக்கால ஆளுங்க கீறாங்கன்னு அந்த வெள்ளக்காரனுக்குத் தெரியுமாக்கா?” தெரியும், அரை வரி எழுதியிருக்கிறார் என்றேன். அவள் தலையாட்டிக்கொண்டாள். அரை வரியாவது எழுதினாரே என்பது போலவும் இருந்தது, அவ்வளவுதானா என்பது போலவும் இருந்தது.

படித்து முடித்ததும் பெரியவர் என் கையிலிருந்த காகிதத்தையே பார்த்தார். அழப்போகிறாரோ என்று பயந்தேன். பிறகு காகிதத்தை வாங்கி, ஒரு இடத்தில் விரலை வைத்துக் கேட்டார்.

“ரெண்டாம் நம்பர் பாய்லர்ன்னு எழுதிக்கீற. நான் நின்னது மூணாம் நம்பர்மா.”

பையிலிருந்து பேனாவை எடுத்து அவர் கண் முன்னாலேயே திருத்தினேன். சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இப்போது முதலிலிருந்து இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.