பேய்க்கு எடுத்த புடவை

அன்றைக்கு இருந்தது மூன்றே பேர். பில் போடும் ஹேமா, புடவை விரித்துக் காட்டும் ரேவதி, விரித்ததை மடித்து வைக்கும் நான். காஞ்சிபுரத்தில் நாங்கள் வேலை பார்த்த பட்டுக்கடையின் மாடி, மதியச் சாப்பாட்டு நேரம். நேற்று அலமாரியைக் குடைந்தபோது அந்துருண்டை வாசனையோடு மெல்லிய வாயில் துணியில் ஒரு வெள்ளைப் புடவை கையில் அகப்பட்டது. எல்லாம் திரும்பி வந்துவிட்டது.

பெங்களூரில் ஹேமாவின் சித்தி மகள் இருக்கும் அபார்ட்மென்டில் ஹாலோவீன் பார்ட்டி. எங்களையும் கூப்பிட்டிருப்பதாக ஹேமா சொன்னாள். பேய் வேஷத்தோடு வரணுமாம். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பேய்க்கும் ஒரு பண்டிகை உண்டு என்பதே அன்றுதான் தெரியும். கடையில் ஆயிரம் புடவை, பேய்க்கு ஆகிற மாதிரி ஒன்றுகூட இல்லை. முகூர்த்தத்துக்கு யார் வெள்ளை எடுப்பார்கள்? வாலாஜாபாத் போய் மூன்று வெள்ளை வாயில் புடவை எடுத்து வந்தோம்.

ரேவதிக்குத் தையில் கல்யாணம். "அதுக்கு முன்னாடி ஒரே ஒரு நாள்டி, நம்மள யாருக்கும் தெரியாத ஊர்ல ஆடிட்டு வரணும்" என்றாள். கடையில் ஸ்டாக் எடுக்கிறார்கள், ஹேமா வீட்டில் தங்குகிறேன் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தாள்.

பஸ் டிக்கெட்டை என் போனில் எடுத்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

"பஸ் கவுந்துட்டா? வேஷம் போட்டதுக்கு நெஜப் பேய் கோச்சிக்கினா?"

"உன்னப் பாத்தா பேயே பயந்துக்கினு ஓடிடும். கம்முனு இருடி" என்றாள் ஹேமா.

இருந்திருக்கலாம். கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில், தெருமுனை அம்மன் கோயிலில் மூன்று பேர் பேருக்கும் அர்ச்சனைச் சீட்டு வாங்கினேன். பேர், நட்சத்திரம் கேட்ட குருக்கள், என்ன வேண்டுதல் என்றும் கேட்டார். சாமி முன்னால் பொய் வருமா? "பெங்களூரு போறோம் சாமி, நல்லபடியா திரும்பி வரணும்." ரேவதிக்கு ரோகிணி என்பதுவரை சரியாகச் சொன்னேன்.

அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளி தவறாமல் சாயங்காலம் அங்கே விளக்கு போடுகிறவள் ரேவதியின் அம்மா. உலகத்துக் கவலை எல்லாம் பட்ட எனக்கு இந்த ஒரு கவலை தோன்றவில்லை பாருங்கள்! குருக்கள் குங்குமத்தைக் கொடுத்து, "பொண்ணு பெங்களூரு போறாளாமே, க்ஷேமமா போய்ட்டு வரட்டும்" என்றாராம்.

மறுநாள் காலை அந்த அம்மா கடைக்கே வந்து மகளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டாள். ரேவதி டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது என் பக்கம் திரும்பினாள்.

"பயம்னா நீ வராம இருந்திருக்கலாமேடி."

ஹேமா தலையில் அடித்துக்கொண்டாள். "மனசுக்குள்ள சொன்னா சாமிக்குக் கேக்காதா? சீட்டு வாங்கித்தான் சொல்லணுமா?" இதை நினைத்தால் இன்றும் என்மேலேயே எரிச்சலாக வருகிறது.

ஹேமா இப்போது பெங்களூரிலேயே வேலையில் இருக்கிறாள். நாங்கள் சாப்பிட்ட மாடியில் பெரிய விளக்குகளைப் போட்டு, போனில் புடவை காட்டி விற்கிறார்கள். ரேவதியை ஒருமுறை ஓரிக்கை பஸ்ஸில் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டிக்கெட்டை ரத்து செய்த பணம் என் கணக்குக்குத்தான் வந்தது. ஹேமா பங்கைக் கொடுத்தாயிற்று. ரேவதி வேண்டாமென்று சொல்லியனுப்பிவிட்டாள். அவளுக்கு நான் தர வேண்டியது இன்னும் ஐந்நூற்று நாற்பது ரூபாய்.