பம்பு வாயில் ஒரு மச்சம்

அந்த நோட்டீஸ் வந்த நாளிலிருந்து என் கணவர் ஓரிடத்தில் உட்காரவில்லை. சாப்பாட்டுத் தட்டோடு வாசலுக்கும் சமையலறைக்கும் நடப்பார். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் நானும் வாசலுக்கு ஓடுவேன்.

எண்பதுகளில், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தகரக் கொட்டகையில் அவர் அடிபம்பு செய்துகொண்டிருந்தார். தண்ணீர் சிதறாமல் குடத்துக்குள் விழும்படி பம்பின் வாயை வளைத்தது அவர் யோசனை. அதற்கான மர அச்சையும் அவரே இழைத்தார்; அதை மணலில் பதித்து, அந்தத் தடத்தில்தான் இரும்பை வார்ப்பார்கள். அச்சில் ஒரு சின்னப் பள்ளம். மெழுகு வைத்து அடைத்தது கொஞ்சம் துருத்திக்கொண்டது. அதனால் எங்கள் பம்பு ஒவ்வொன்றின் வாயிலும் மச்சம் போல ஒரு புடைப்பு இருக்கும்.

ஒரு பெரிய கம்பெனி வக்கீல் மூலம் மிரட்டியது: அந்த வாய் எங்கள் பேடன்ட், நிறுத்தாவிட்டால் கோர்ட்டுக்கு இழுப்போம். எங்கள் சரக்கை விற்ற கடைகளுக்கும் அதே நோட்டீஸ். கடைக்காரர்கள் பம்புகளைத் திருப்பி அனுப்பினார்கள். கடைத்தெருவில் எங்களுக்கு 'டூப்ளிகேட்' என்று பெயர் விழுந்தது.

பட்டறையில் மர அச்சைப் பேட்டர்ன் என்பார்கள். எழுத்துக்கூட்டி ஆங்கிலம் படிக்கும் இவருடைய கூட்டாளி, நோட்டீஸிலிருந்த பேடன்ட்டையும் பேட்டர்ன் என்றே படித்துவிட்டார்.

"பேட்டர்ன் அவனுதுன்றான் மச்சான். குட்த்துட்டு வந்துகினே இரு. கோர்ட்டு கேசுன்னு யாரு அலையறது?"

நான் பூந்தமல்லியில் அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள், இவர் அச்சைக் கோணியில் சுற்றிக் கம்பெனி கேட்டில் கொடுத்துவிட்டு வந்திருந்தார். நோட்டீஸைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். மறுநாள் போய்க் கேட்டால், அப்படி எதுவும் வரவில்லையே என்றார்கள்.

பேடன்ட் என்றால் நம்பர் இருக்கும், கேளுங்கள் என்றார் எங்களுக்குத் தெரிந்த வக்கீல். கேட்டுக் கேட்டு எழுதினோம். பதிலே இல்லை. அவர்கள் கோர்ட்டுக்கும் போகவில்லை. மிரட்டியே காரியம் நடக்கும்போது எதற்குப் போக வேண்டும்? யோசித்தவனைக் காப்பாற்றத்தானே பேடன்ட்? இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அடுத்த கோடையில் திருநின்றவூரில் ஒரு கிரகப்பிரவேசம். கை கழுவப் போன இவர் திரும்பி வரவேயில்லை. கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். புத்தம்புது பம்பு, தலையில் அந்தக் கம்பெனியின் பெயர். இவர் அதன் வாயிலிருந்த மச்சத்தின் மேல் கட்டைவிரலை வைத்தபடி நின்றிருந்தார்.

பின்னாலேயே வந்த வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார்: "கம்பெனி அயிட்டம் அண்ணாத்தே. டூப்ளிகேட்டு இல்ல."