சம இடைவெளியில் கோடுகள்

அப்போது நான் ஹைதராபாத்தில், கூகட்பள்ளியில் ஒரு வாடகை வீட்டில் உட்கார்ந்து நெருப்பைக் கணக்கில் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். சனத்நகரில் ஒரு சின்னத் தொழிற்சாலை. உலோகத் தூளைக் குச்சியாக அழுத்தி, ஒரு முனையில் பற்றவைப்பார்கள். நெருப்பு மறுமுனைவரை ஊர்ந்து போகும். பின்னால் கெட்டியான குச்சி மிஞ்சும். அந்த எரிமுனை நகரும் வேகத்தைச் சமன்பாடுகளாக எழுதித் தருவது என் வேலை.

திடீரென்று குச்சிகள் உடைய ஆரம்பித்தன. என் கணக்கில் வேகம் முதலில் ஏறி இறங்கித் துடித்தது உண்மைதான். கணினி கணக்கிடும் முறையின் கோளாறு என்று நானாக முடிவுகட்டி, துடிப்பைத் தணிக்கும் ஓர் உறுப்பைச் சமன்பாட்டில் சேர்த்தேன். வரைபடம் வழவழவென்று வந்தது. நெருப்பில் குறையில்லை, தூளை அழுத்துவதில்தான் குறை என்று அறிக்கை எழுதினேன். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. வரைபடம் அழகாக வந்தால் இன்னும் கூடும்.

தூளை அழுத்தியவர் நான்கு தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அறிக்கை போன மறுநாளே அவரைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்த வாரம் வழக்கம்போல நான் தொழிற்சாலைக்குப் போனபோது, நீளவாக்கில் அறுத்த ஒரு குச்சியை என் மேஜையில் வைத்தார். உள்ளே சம இடைவெளியில் குறுக்குக் கோடுகள்; குச்சி உடைந்திருந்ததும் அப்படியொரு கோட்டில்தான்.

“ஒரு குச்சிக்கு ஒரே அழுத்துதான் அழுத்தறேன் மேடம். என் கை தப்பா இருந்தா அங்கொண்ணு இங்கொண்ணுதானே வரும்? இது அளவெடுத்த மாதிரி இருக்கே.”

எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து, சேர்த்த உறுப்பை நீக்கினேன். எரிமுனை தயங்கியது, சூடு சேர்ந்ததும் பாய்ந்தது, மறுபடி தயங்கியது. தயங்கிய இடங்களின் இடைவெளியும் குச்சியின் கோடுகளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. கணக்கு முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தது. வாயை அடைத்தது நான்தான். வெட்கமாக இருந்தது.

தவறு என்னுடையது என்று புது அறிக்கை கொடுத்துவிட்டு, நேரே பேக்கிங் பகுதிக்குப் போனேன். அவர் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

“மன்னிச்சிடுங்கக்கா. திங்கக்கிழமை உங்க மெஷினுக்கே போயிடலாம்.”

“ஹவ், சொன்னாங்க. சாரியெல்லாம் நக்கோ மேடம்,” என்றார், நிமிராமலே. ஆமாம், வேண்டாம் எல்லாம் அவருக்கு ஹைதராபாத் உருதுவில்தான் வரும். “எழுதறதுக்கு முன்னாடி ஒரே ஒரு குச்சிய அறுத்துப் பாத்திருக்கலாம். ரம்பம் என் மெஷின் பக்கத்துலயேதான் இருக்கு.”

வாரம் தவறாமல் அந்த ரம்பத்தைத் தாண்டித்தான் நான் என் மேஜைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.